படித்ததைப் படமாக்கும் பள்ளிப் பிள்ளைகள்

ஒரு சிறுவன் பாடநூலைக் கையில் எடுத்துத் தங்குதடையின்றி உரக்கப் படிக்கிறான். எழுத்துப் பிழை இல்லை. உச்சரிப்பும் குறை கூறத்தக்கதன்று. கேட்கின்ற பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால், "இப்பொழுது படித்தாயே, அந்தக் கதையில் கிழவி ஏன் அழுதாள்?" என்று வினவினால் விழிக்கிறான். வாய் படித்தது; மனம் படிக்கவில்லை. இக்குறை ஒரு நாட்டுக்கோ ஒரு மொழிக்கோ உரியதன்று. எனினும், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் பிள்ளைகளிடம் இஃது எளிதில் மறைந்துகொள்கிறது என்பதைத் தமிழ்நாட்டிற்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர் நன்கு அறிவர். பிள்ளை நான்கு மொழிகளைப் படிக்கிறான் என்று நாம் பெருமை கொள்கிறோம். அந்நான்கனுள் எத்தனை மொழியில் படித்ததை உணர்கிறான் என்பதை எங்ஙனம் அறிவது?

இவ்வினாவுக்குப் பல விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்று, படித்த பகுதியைப் பிள்ளைகளே அசையும் சித்திரப் படமாக ஆக்கிக் காட்டுவது. கார்ட்டூன் படம் என்று நாம் வழங்குகின்ற அனிமேஷன் படத்தைத்தான் குறிக்கிறோம். இம்முறைக்கான கருவியும் பயிற்சியும் பொதுப் பள்ளிகளுக்கு எவ்வாறு வந்தன என்பதைத் திருவனந்தபுரம் நகரின் கல்வி வரலாற்றோடு சேர்த்து இங்கே காண்போம்.

முதலில், படம் வரைவதற்கும் படித்துணர்வதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்த்துவிடுவோம். பாட்டி வடை சுட்ட கதையை அறியாத தமிழர் இலர். காக்கை வடையைத் தூக்கிச் சென்றது. நரி புகழ்ந்து பேசி அதைப் பறித்துக்கொண்டது. இரண்டு வரிகளில் கதை முடிந்தது. இதைப் படமாக்கப் புகுந்த பிள்ளைக்கு இந்த இரண்டு வரிகள் போதா. காக்கை வடையை எடுத்தபொழுது பாட்டி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்? காக்கை வடையை அலகில் பற்றியதா, காலில் பற்றியதா? காலில் பற்றியிருந்தால் பாடும்பொழுது வடை விழுந்திருக்குமா? நரி வரும்பொழுதே வடையைக் கண்டதா, பின்னர்க் கண்டதா? இவற்றுக்கு விடை காணாமல் ஒரு கோடும் இழுக்க இயலாது. விடை வேண்டுமாயின் மீண்டும் கதைக்குத்தான் செல்ல வேண்டும். கதை வெளிப்படையாகக் கூறாததைக் கதையினின்றே ஊகித்து உணர வேண்டும். படித்துணர்தல் என்று கல்வியாளர் கூறுவது இதனையே.

மற்றொன்று, இப்பணியின் மெதுவான நடை. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும் விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் வேண்டும். வாணலிக்கு அருகிலிருந்து மரக்கிளைக்குக் காக்கை பறந்து செல்ல நான்கு விநாடி ஆகுமெனின், 48 சித்திரங்கள். ஒரு வரியைக் கண் ஒரு நொடியில் கடந்துவிடும். கையோ அவ்வரியிலேயே ஒரு பிற்பகல் முழுவதும் தங்க நேரிடுகிறது. அவ்வாறு தங்கும்பொழுது மனமும் உடன் தங்குகிறது.

எழுதப்பட்ட நூலை அசையும் உருவங்களால் விளங்கச் செய்தல் கேரள மண்ணுக்குப் புதியதன்று. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் உள்ள பகவதி கோயில்களில் தோற்பாவைக் கூத்து நெடுங்காலமாக நடந்துவருகிறது. தோலில் செதுக்கிய பாவைகளைத் திரைக்குப் பின்னே பிடித்து, தேங்காய் மூடிகளில் எண்ணெய் இட்டு ஏற்றிய விளக்குகளின் ஒளியில் நிழலாக ஆட்டுகின்றனர். அங்கே ஆடப்படும் கதை கம்பராமாயணம். தமிழ்ச் செய்யுளைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அதற்குப் பொருள் விரிப்பது கூத்தரின் கடமை. அதனாலேயே அவர்களுக்குப் 'புலவர்' என்னும் பட்டம் வழங்குகிறது. பாவையை ஆட்டத் தெரிந்தவன் மட்டும் புலவனாகிவிட மாட்டான். செய்யுளின் பொருளை உணர்ந்து உரை கூறத் தெரிந்தவனே புலவன். ஆட்டும் கையும் உணரும் மனமும் ஒன்றுபட வேண்டும் என்னும் கருத்து அங்கே பன்னெடுங்காலத்துக்கு முன்னரே வேரூன்றிவிட்டது.

திருவனந்தபுரத்திலேயே இதற்கு வேறு வகையான சான்று ஒன்று உண்டு. அந்நகரின் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1891-இல் 'மனோன்மணீயம்' என்னும் நாடக நூலை வெளியிட்டார். ஆங்கில ஆசிரியர் லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதைப் பாடலே அதற்கு மூலம். ஒரு மொழியில் பாடலாக இருந்ததை வேறொரு மொழியில் நாடகமாக ஆக்குபவர், மூலத்தை மேலோட்டமாகப் படித்து அமைதல் இயலாது. ஒவ்வொரு பாத்திரமும் ஏன் அவ்வாறு பேசுகிறது, ஏன் அவ்வாறு நடக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் படித்தாக வேண்டும். பேராசிரியர் செய்த பெரும்பணியையும் பள்ளிச் சிறுவனின் சிறுமுயற்சியையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. வடிவத்தை மாற்றுகிறவன் ஆழ்ந்து படிப்பவனாக இருத்தல் வேண்டும் என்னும் விதி இருவர்க்கும் பொது என்றே கூறுகிறோம்.

இந்நகரின் கல்வி வரலாறும் எண்ணத்தக்கது. 1817-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்றல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராசா காலத்தில் இங்கே ஆங்கிலப் பள்ளி தோன்றியது. அதுவே வளர்ந்து மகாராசா கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயருடன் விளங்குகிறது. 1945-இல் பி. என். பணிக்கரின் முயற்சியால் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் உருவாயிற்று. ஊர்தோறும் படிப்பகம் அமைத்த அவ்வியக்கம் 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதைப் பெற்றது. பணிக்கர் மறைந்த சூன் 19-ஆம் நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. எழுத்தறிவு வந்தது, நூலும் கைக்கு வந்தது. இனி எஞ்சியது, நூலில் உள்ளது மனத்துக்கு வருதல். 2007-க்குப் பிறகு அமைந்த பாடத்திட்டத்தில், படித்த கதையை உரையாடலாகவும் நாட்குறிப்பாகவும் கடிதமாகவும் மாற்றி எழுதும் பயிற்சிகள் பெரிதும் இடம்பெற்றது இக்குறை நோக்கியே எனலாம்.

இனி, அசையும் சித்திரம் பள்ளிக்கு வந்த கதையைக் காண்போம். கல்விக்காகச் சித்திரப் படம் எடுத்தல் வேறு, மாணவரே எடுத்தல் வேறு. முன்னது முந்தியது. கனடா நாட்டுக் கலைஞர் நார்மன் மெக்லாரன் 1949-இல் யுனெஸ்கோவின் சார்பில் சீனத்துக்குச் சென்று, சிற்றூர் மக்களுக்கு உடல்நலம் போதிக்கும் படங்களை அந்நாட்டு ஓவியர்களே வரையுமாறு பயிற்றினார். 1950-களின் தொடக்கத்தில் அதே நோக்குடன் இந்தியாவுக்கும் வந்தார். 1956-இல் டிஸ்னி நிறுவனத்துக் கலைஞர் கிளேர் வீக்ஸ் பம்பாய் வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் நம் நாட்டு ஓவியர்க்குப் பயிற்சி அளித்தார். அதன் பயனாக 1957-இல் புத்த சாதகக் கதையொன்று 'ஆலமர மான்' என்னும் சித்திரப் படமாக வெளிவந்தது. 1974-இல் விஜயா முலே உருவாக்கிய 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' என்னும் இந்திப் படத்தைத் தூரதர்சனில் கண்டு வளர்ந்தவர்கள் நேயர்களுள் பலர் இருப்பர். வேடனின் வலையைப் பறவைகள் ஒன்றுகூடித் தூக்கிச் செல்லும் காட்சியால் ஒற்றுமையை விளக்கிய படம் அது.

இவற்றிலெல்லாம் பிள்ளைகள் பார்ப்போராக மட்டுமே இருந்தனர். பிள்ளைகள் படைப்போராக மாறியதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இவான் ஆண்டர்சன் என்னும் பெண்மணி 1963-இல் 'மஞ்சள் பந்துப் பட்டறை' என்னும் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். சிறுவர் சிறுமியர் தாளை வெட்டியும் களிமண்ணைப் பிசைந்தும் தாமே சித்திரப் படங்களை எடுத்தனர். எனினும், அந்நாளில் கேமராவும் பிலிம் சுருளும் விலை மிக்கவை. ஏழைப் பள்ளிக்கு அவை எட்டாக் கனியே. கணினி வந்த பின்னரே கதவு திறந்தது.

திருவனந்தபுரத்தில் அதற்கான நிலம் மெல்ல மெல்லப் பண்பட்டது. 1988-இல் மாநில அரசு சி-டிட் என்னும் படிமத் தொழில்நுட்ப நிறுவனத்தை இங்கே நிறுவியது. 1990-இல் நகரின் புறத்தே டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்கா தோன்றியது. அப்பூங்காவில் 1999-இல் தொடங்கப்பெற்ற டூன்ஸ் நிறுவனம், தெனாலிராமன் கதைகளைத் தொலைக்காட்சிக்குரிய அசைவூட்டப் படத் தொடராக ஆக்கியது. நாம் பாட்டிமாரிடம் கேட்ட கதைகள் திருவனந்தபுரத்துக் கணினிகளிலிருந்து உலகைச் சுற்றின.

பள்ளிகளில் இதே காலத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 2001-இல் கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்தது. 2005 சூலை 28-இல் 'விக்டர்ஸ்' என்னும் கல்வித் தொலைக்காட்சியை அந்நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். இராமேசுவரத்தில் பிறந்து, இந்நகரை அடுத்த தும்பாவில் ஏவூர்திப் பணி புரிந்த தமிழர் அவர் என்பதை நாம் நினைவுகூராமல் இருத்தல் இயலாது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமே 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வடிவம் பெற்றது. அதன் தலைமையிடம் நகரின் பூஜப்புரைப் பகுதியில் உள்ளது.

இத்திட்டம் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்துகொண்டது பெரிய திருப்பம். உரிமக் கட்டணம் இல்லை. எத்தனை பள்ளிகளுக்கும் படியெடுத்து வழங்கலாம். தேவைக்கேற்ப மாற்றியும் கொள்ளலாம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாணவர்க்கு அசைவூட்டப் படப் பயிற்சி தரும் திட்டம் ஒன்று நடைபெற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'எறும்புகள்' என்னும் பொருள் தரும் சொல் கிடைக்கும். சிறுசிறு உழைப்பைச் சேர்த்துப் பெரும்பொருள் ஆக்கும் தொழிலுக்குப் பொருத்தமான பெயரே. சித்திரம் தீட்ட 'கிம்ப்', அசைவூட்ட 'கே-டூன்', ஒலி சேர்க்க 'ஆடாசிட்டி' ஆகிய மென்பொருள்கள் பயன்பட்டன. கே-டூன் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் உருவானது. அதன் வழித்தோன்றலான 'டூப்பி'யே பின்னர்க் கேரளப் பள்ளிகளில் இடம்பெற்றது. எங்கோ ஒரு நாட்டினர் ஆக்கிய கருவி, காசின்றி நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

2018 சனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் தொடங்கப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இவை இயங்குகின்றன. எட்டாம் வகுப்பு மாணவர்க்குத் தேர்வு வைத்து, பள்ளிக்கு இருபது முதல் நாற்பது பேரைச் சேர்க்கின்றனர். ஆசிரியர் இருவர் பொறுப்பேற்கின்றனர். மின்னணுவியல், நிரலாக்கம், இணையப் பாதுகாப்பு, மலையாளக் கணிமை ஆகியவற்றுடன் அசைவூட்டப் படமும் அங்கே ஒரு பாடம். பள்ளியில் தொடங்கி உபமாவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக முகாம்களும் நடைபெறுகின்றன.

இப்பயிற்சியைப் படிப்புக்கு உதவுமாறு வகுப்பில் எங்ஙனம் நடத்துவது? பிள்ளைகளை நால்வர் ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் பாடப் பகுதியைப் படித்து, கதை எத்தனை நிகழ்ச்சிகளாகப் பிரிகிறது என்று முடிவு செய்தல் வேண்டும். அடுத்து, ஸ்டோரிபோர்டு எனப்படும் காட்சிக் கட்டங்களை வெறுந்தாளில் வரைதல் வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும், 'இக்காட்சி பாடத்தின் எந்த வரியிலிருந்து வந்தது?' என்பதை எழுதச் செய்தல் மிக இன்றியமையாதது. வரியைக் காட்ட இயலாத காட்சி, கற்பனையாயின் கற்பனை என்றும், ஊகமாயின் ஊகம் என்றும் குறிக்கப்படல் வேண்டும். குழுவில் ஒருவன் 'அவள் கோபத்தில் அழுதாள்' என்பான். மற்றொருத்தி 'இல்லை, நாணத்தால் அழுதாள்' என்பாள். இருவரும் நூலைப் புரட்டிச் சான்று தேடுவர். அந்தப் பூசலே படிப்பு. கணினியைத் திறப்பதற்கு முன்னரே பாதிப் பயன் கைகூடிவிடுகிறது.

அறிஞர் ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. சொல்லாகவும் உருவமாகவும் இருவழியில் மனத்தில் பதிவது எளிதில் நினைவுக்கு வரும் என்று கனடா உளவியலறிஞர் ஆலன் பெய்வியோ 1971-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, கதையின் அமைப்பை அறிதல், தானே வினா எழுப்புதல், சுருக்கிக் கூறுதல் முதலியவற்றைப் படித்துணர்வுக்கு உதவும் வழிகளாகக் குறித்தது. அக்குழு அசைவூட்டப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும், மேலே கூறிய பணியில் இம்மூன்றும் தாமாகவே அமைந்திருத்தல் காண்க. நிகழ்ச்சிகளைப் பிரித்தல் கதையமைப்பை அறிதல். சான்று தேடல் வினா எழுப்புதல். பத்துப் பக்கத்தை ஒரு நிமிடப் படமாக்கல் சுருக்கிக் கூறல்.

இதன் குறைகளையும் மறைத்தல் தகாது. கருவியின் கவர்ச்சியில் நூல் மறந்துபோதல் முதற்குறை. வண்ணம் தீட்டுவதிலும் இசை சேர்ப்பதிலும் பொழுதெல்லாம் கழிந்து, பாடம் ஒரு சாக்காக நின்றுவிடக் கூடும். நன்றாக வரைபவனே எல்லாவற்றையும் செய்ய, படிப்பில் பின்தங்கியவன் வேடிக்கை பார்த்தல் இரண்டாம் குறை. அவனுக்காகத்தானே இம்முயற்சி! கதை முழுவதையும் எடுக்காமல் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்தால் பொழுது மிஞ்சும். காட்சிக் கட்டம் வரைதல், குரல் கொடுத்தல், சான்று காட்டல் ஆகிய பணிகளை முறைமாற்றிக் கொடுத்தால் யாரும் ஒதுங்கி நிற்க இயலாது. மூன்றாவது குறையே பெரிது. தேர்வில் வென்ற நாற்பதின்மர்க்கு மட்டும் பயிற்சி எனின், ஏனையோர் என் செய்வர்? படித்துணர இயலாதவன் அத்தேர்வில் எங்ஙனம் வெல்வான்? மன்றத்தில் கற்றவர் தத்தம் வகுப்புக்குத் திரும்பி ஏனையோர்க்கும் கற்பிப்பாராயின் இக்குறை ஒருவாறு தீரும்.

இங்கே நம் மொழிக்குரிய செய்தியும் ஒன்று உண்டு. கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வை மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், கன்னட மொழிகளிலும் எழுதலாம். அம்மொழிகளில் பாடநூல்களும் அச்சிடப்படுகின்றன. பாலக்காட்டிலும் இடுக்கித் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. திருவனந்தபுரத்திலேயே சாலைக் கடைத்தெருப் பகுதியில் அரசின் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் இராசா கேசவதாசர் நிறுவிய அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 1956 நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும் அவர்கள் அங்கேயே இருந்தனர். அத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அதன் மாந்தரைச் சிறுகதைகளில் வாழவைத்தவர் எழுத்தாளர் ஆ. மாதவன். தம் தெருவைப் பற்றிய கதையைத் தம் மொழியில் படித்து, தம் குரலிலேயே பேசி, தம் கையாலேயே அத்தெருப் பிள்ளைகள் படமாக்குவரேல், அதனினும் சிறந்த தமிழ்ப் பாடம் எது? மலையாளம் நன்கு படிக்கும் தமிழ்ப் பிள்ளை, மலையாளக் கதையொன்றுக்குத் தமிழில் குரல் கொடுத்தாலும் நன்றே. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிடின் அங்கேயே அகப்பட்டுக்கொள்வான். அகப்படுதல்தான் கற்றலின் தொடக்கம்.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களே, இதற்குப் பெரிய பள்ளியும் கணினிக் கூடமும் வேண்டும் என்று எண்ண வேண்டுவதில்லை. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் கூடுகின்றார்களா? ஒரு சிறுகதை, சில தாள்கள், ஒரு கைபேசி ஆகியவை போதும். ஒரு குறிப்பேட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு காக்கையாக வரைந்து, பக்கங்களை விரைந்து புரட்டினாலும் காக்கை பறக்கும். ஆனால் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். படம் முடிந்தவுடன் கைதட்டிக் கலைந்துவிடாமல், பிள்ளைகளைக் கதைக்கு மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். "நீ வரைந்தது கதையில் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். முன்பு வாயால் மட்டும் படித்த பிள்ளை, விரலை வரியின்மீது வைத்து, "இதோ" என்று காட்டுவான். அவன் படிக்கத் தொடங்கிவிட்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.